எரிபொருட் கலக் கற்பித்தல் பெட்டி: ஆறு மாதப் பாவனைக்குப் பின் ஒரு மதிப்பீடு

கடந்த தை மாதம் எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு, ஐதரசனிலிருந்து மின்சாரம் எடுப்பதைக் காட்டும் எரிபொருட் கலக் கற்பித்தல் பெட்டி ஒன்றை வாங்கினேன். கனடாவில் இருக்கும் பழைய மாணவர் இருவர் அனுப்பிய பணத்தோடு என் கைப்பணத்தையும் சேர்த்து, கூரியர் செலவு உட்பட 38,000 ரூபாய் முடிந்தது. ஏறக்குறைய இதே அமைப்பிலான பெட்டிகளைப் பல நிறுவனங்கள் இணையத்தில் விற்கின்றன. நிறமும் உறையும் வேறு, உள்ளிருப்பது ஒன்றே. ஆகையால் நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, இப்படியொரு பெட்டி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வகுப்பறை ஒன்றில் எதைக் கற்பிக்கிறது, எதைக் கற்பிக்காமல் விடுகிறது என்பதை எழுதுகிறேன். வாங்கலாமா என்று என்னிடம் கேட்ட ஆசிரியர்கள் நான்கைந்து பேருக்கும் இதுவே பதில்.

பெட்டியின் மேலுறையில் நீலக் கடலில் ஒரு கொள்கலன் கப்பல், அதற்கு மேலே ஒரு வெள்ளை விமானம், இரண்டுக்கும் நடுவே பெரியதொரு நீர்த்துளி. நாளைய கப்பலும் விமானமும் நீரையே எரிபொருளாகக் கொண்டு ஓடும் என்ற பொருளில் ஒரு வாசகமும் உண்டு. உறையைப் பார்த்தவுடனேயே தரம் 11 மாணவன் ஒருவன் கேட்டான்: "ரீச்சர், அப்ப வாவித் தண்ணியிலயே கப்பல் ஓடுமா?" ஓடாது மகன், தண்ணீரைப் பிரிக்க முதலில் மின்சாரம் வேண்டும் என்று சொன்னேன். அந்த ஒரு வரியை அவர்கள் தங்கள் கையாலேயே அளந்து பார்த்து ஏற்றுக்கொள்ள ஏறக்குறைய இரண்டு மாதம் எடுத்தது. பெட்டியின் உண்மையான பெறுமதி அந்த இரண்டு மாதத்தில்தான் இருக்கிறது.

உள்ளே இருப்பவை அதிகமில்லை. உள்ளங்கையளவு சோலார் பனல், தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு கலம், அளவுக்கோடுகள் இடப்பட்ட இரண்டு கண்ணாடி உருளைகள், மெல்லிய குழாய்கள், சிறு மின்மோட்டார், சில்லுகள் பூட்டிய ஒரு தட்டு, ஒரு துண்டுப்பிரசுரம். கலத்தின் நடுவே புரோத்தன்களை மட்டும் கடத்திவிடும் மென்சவ்வு இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் அதே கலம் நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து மோட்டாரை இணைத்தால் அவ்விரு வாயுக்களையும் மீண்டும் நீராக்கி மின்சாரம் தருகிறது. பிரித்தானிய விஞ்ஞானி வில்லியம் குரோவ் 1839 இல் செய்துகாட்டிய அதே தலைகீழ்த் தாக்கம்தான்.

காலை பத்தரை மணி வெயிலில் பனலை ஆய்வுகூட யன்னல் விளிம்பில் வைத்தோம். ஒரு நிமிடத்துக்குள் குழாய்களில் மணிமணியாகக் குமிழிகள் ஓடத் தொடங்கின. ஐந்து நிமிடம் கடந்தபோது ஓர் உருளையில் 20 மில்லிலீற்றர் கோடுவரை ஐதரசன் நின்றது, மற்றையதில் ஒட்சிசன் சரியாக 10 மில்லிலீற்றர். இரண்டுக்கு ஒன்று என்று நான் இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிவந்த விகிதத்தை மாணவர்கள் கண்மட்டத்துக்குக் குனிந்து பார்த்தபோது வகுப்பில் சத்தமே இல்லை. இந்தக் காட்சிக்காக மட்டும் பணம் கொடுத்திருந்தாலும் வருந்தியிருக்க மாட்டேன்.

அடுத்து நாங்கள் செய்தது துண்டுப்பிரசுரத்தில் இல்லாத வேலை. மின்னை அளக்கும் பல்மானி ஒன்றை இணைத்து, கலத்துக்குள் போன ஆற்றலையும் வெளியே வந்த ஆற்றலையும் கணக்கிட்டோம். உள்ளே போனது ஏறத்தாழ 300 யூல். அந்த வாயு முழுவதும் தீரும்வரை மோட்டார் பதினாறு நிமிடம் சுழன்றது. வெளியே வந்தது 94 யூல். மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மீதி எங்கே போயிற்று என்று அவர்களே தேடினார்கள். கலம் கைக்கு இளஞ்சூடாக இருந்தது. ஒரு குழாய் மூட்டில் சவர்க்கார நுரை பூசியபோது மெல்லக் கொப்பளித்தது. அதே பனலால் ஒரு சிறு பற்றரியை மின்னேற்றி அதே மோட்டாரைச் சுழற்றியபோது போனதில் பெரும்பகுதி திரும்பி வந்தது. ஐதரசன் ஓர் ஆற்றல் மூலம் அல்ல, சேமித்துக் கொண்டுபோகும் ஒரு வழி மட்டுமே, அதுவும் நட்டம் கூடிய வழி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பரிசோதனை எனக்குத் தெரியாது. உறையில் இருக்கும் நீர்த்துளி மறைக்கும் விடயத்தை உள்ளே இருக்கும் கலம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

நட்டம் இவ்வளவு என்றால் உலகம் ஏன் இதன் பின்னால் போகிறது? இந்தக் கேள்வி வகுப்பில் வந்தே தீரும். அதற்கு ஆயத்தமாக இருக்கும் ஆசிரியருக்கே இப்பெட்டி உகந்தது. வாவியைக் கடக்கும் இயந்திரத் தோணிக்கும் ஆரையம்பதிக்கு ஓடும் முச்சக்கர வண்டிக்கும் பற்றரி போதும். அங்கே ஐதரசனைக் கொண்டுவருவது மின்சாரத்தை வீணாக்குவது என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் இரண்டு கிழமை கரை காணாமல் போகும் கப்பலுக்கும், கொழும்பிலிருந்து இலண்டனுக்கு ஒரே மூச்சில் பறக்கும் விமானத்துக்கும் தேவையான பற்றரியை ஏற்றினால் சரக்குக்கும் பயணிக்கும் இடமிராது. உலகின் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 3 வீதம் கப்பல்களிலிருந்து வருகிறது. காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 2.5 வீதம் விமானங்களிலிருந்து வருகிறது. வேறு வழியற்ற இந்த இரண்டுக்குமே பசுமை ஐதரசனை ஒதுக்கி வைக்க வேண்டும்.

பசுமை என்ற சொல்லையும் பிரசுரம் சரியாக விளக்கவில்லை. இன்று உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய பத்துக் கோடி தொன் ஐதரசன் உற்பத்தியாகிறது. அதில் மிகப் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. இயற்கை வாயுவிலிருந்து ஒரு கிலோ ஐதரசன் எடுக்கும்போது ஒன்பது பத்துக் கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. காற்றாலும் வெயிலாலும் பெற்ற மின்சாரத்தில் நீரைப் பிரித்து எடுப்பது மட்டுமே பசுமை ஐதரசன்; அது மொத்தத்தில் ஒரு வீதத்தைக்கூட எட்டவில்லை, விலையும் மற்றையதைவிடப் பன்மடங்கு. ஐதரசன் என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒன்று தூய்மையாகிவிடாது என்பதை மாணவர்களுக்கு நாமேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உறையில் இருக்கும் கப்பலின் அளவை மாணவர்களுக்குப் புரியவைக்க வவுணதீவை எடுத்துக்கொண்டேன். அங்குள்ள 10 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைப் பலர் நேரில் கண்டிருக்கிறார்கள். அத்தகைய நிலையம் வருடத்துக்கு ஒன்றரைக் கோடி அலகு மின்சாரம் தரும் என்று கொள்வோம். ஒரு கிலோ ஐதரசன் எடுக்க ஏறத்தாழ 55 அலகு வேண்டும். முழு மின்சாரத்தையும் இதற்கே கொடுத்தால் வருடத்துக்குச் சுமார் 270 தொன் ஐதரசன் கிடைக்கும். பெரிய கொள்கலன் கப்பல் ஒன்று நாளொன்றுக்கு 100 தொன் எண்ணெயை எரிக்கும். அதே ஆற்றலுக்கு 33 தொன் ஐதரசன் தேவை. வவுணதீவின் ஒரு வருட வெயில், ஒரு கப்பலுக்கு எட்டு நாள். கொழும்பிலிருந்து ரொட்டர்டாம் போவதற்குப் பாதி வழி. கணக்கை முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, "அப்ப எங்கட வீடுகளுக்குக் கரண்ட்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. நிலக்கரியும் டீசலும் எரித்து மின்சாரம் எடுக்கும் ஒரு நாடு, அந்த மின்சாரத்தைச் சுத்தமாக்கும் முன்னர் ஐதரசன் ஏற்றுமதியைப் பற்றிக் கனவு காண்பது முறையல்ல. அதேவேளை, 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்து, கூரையில் சோலார் பூட்டியவர்களைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டதும் நினைவிருக்கிறது. அப்படி மிஞ்சிப்போகும் வெயிலை வாயுவாக்கி வைப்பதில் நியாயம் உண்டு.

பெட்டி மறைக்கும் இன்னொரு விடயம் இடம். எங்கள் உருளையில் நின்ற 20 மில்லிலீற்றர் வாயு ஒரு சிறு மோட்டாரைச் சுழற்றியது என்பது உண்மை. ஆனால் ஒரு லீற்றர் டீசலில் இருக்கும் ஆற்றலைச் சாதாரண அமுக்கத்தில் ஐதரசனாக வைத்திருக்க மூவாயிரம் லீற்றருக்கும் மேல் கொள்ளளவு வேண்டும். அதனால்தான் அமுக்குகிறார்கள், அல்லது மறை 253 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்துத் திரவமாக்குகிறார்கள். திரவமாக்குவதே அதனுள் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு நிகரான மின்சாரத்தை விழுங்கிவிடும். நோர்வேயில் 2023 முதல் திரவ ஐதரசனில் ஓடும் ஹைட்ரா என்னும், வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் கப்பலுக்கு அந்த எரிபொருளை ஜேர்மனியிலிருந்து லொறியில் கொண்டுவரத் தொடங்கினார்கள். நமக்கு நெருக்கமான உதாரணம் தூத்துக்குடியில் கிடைக்கிறது: கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான இந்தியாவின் முதலாவது எரிபொருட் கலப் படகை 2024 மாசியில் அங்கிருந்துதான் தொடக்கிவைத்தார்கள், படகு காசியில் கங்கைக்கு உரியது. இவை இரண்டும் குறுகிய பாதைகளில் ஓடுபவை. பெருங்கடலைத் தாண்ட ஐதரசனை வேறொன்றாக உருமாற்றித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

ஒன்று மெதனோல். லோறா மேர்ஸ்க் என்னும் கொள்கலன் கப்பல் 2023 இல் மெதனோலில் ஓடத் தொடங்கியது. டென்மார்க்கின் காஸ்ஸோவில் 2025 இல் திறந்த ஆலை, பசுமை ஐதரசனையும் உயிரியல் கழிவிலிருந்து கிடைக்கும் காபனீரொட்சைட்டையும் சேர்த்து ஆண்டுக்கு 42,000 தொன் மெதனோல் செய்யக்கூடியது. மற்றையது அமோனியா. அமோனியாவை நம் பகுதியில் அறியாதவர் யார்? வாழைச்சேனையிலும் கல்முனையிலும் மீனுக்கு ஐஸ் அடிக்கும் ஆலைகளின் குளிரூட்டியில் ஓடுவது அது. அம்பாறை வயல்களுக்கு வீசும் யூரியா அதிலிருந்தே வருகிறது. மறை 33 பாகையிலேயே திரவமாகிவிடுவதால் ஐதரசனைவிடக் கையாள இலகு. எரித்தால் காபனீரொட்சைட்டு இல்லை. ஆனால் நஞ்சு. ஐஸ் ஆலையில் ஒரு தடவை கசிந்தபோது தொண்டை அடைத்துக் கண்ணீரோடு வெளியே ஓடிவந்ததை என் மாணவன் ஒருவனின் தகப்பன் வகுப்புக்கே வந்து விபரித்தார். கவனமின்றி எரித்தால் நைதரசனின் ஒட்சைட்டுகள் வெளியேறும். அவற்றுள் ஒன்று காபனீரொட்சைட்டைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

கப்பல் எதை எரிக்கிறது, எதைச் சுமக்கிறது என்பது எங்களுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 2020 செப்டெம்பர் 3 ஆம் திகதி குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்கு ஏறக்குறைய 270,000 தொன் மசகெண்ணெயுடன் போன நியூ டயமண்ட் கப்பல், அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்கு நேரே 38 கடல் மைல் தொலைவில் தீப்பிடித்தது. பணியாளர் ஒருவர் இறந்தார். மசகெண்ணெய்த் தாங்கிகள் தப்பின. கப்பல் தன் இயந்திரத்துக்கு வைத்திருந்த எண்ணெய் கடலில் படலமாக விரிந்தது. அந்நாட்களில் திருக்கோவில், பொத்துவில் மீனவர்கள் கரையில் நின்று கடலைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. மெதனோல் கசிந்தால் நீரில் கரைந்து விரைவில் சிதைந்துவிடும். அமோனியா கசிந்தால் சுற்றியுள்ள மீனைக் கொல்லும், காற்றில் வந்தால் மனிதரையும் வருத்தும், ஆனால் பாறையிலும் மணலிலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிராது. இந்த ஒப்பீட்டுக்கு வகுப்பில் ஒரு முழுப் பாடவேளையைக் கொடுத்தேன். கரையோரத்தில் வாழும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்; நாளை எந்த எரிபொருள் ஏறிய கப்பல் அந்த வழியாகப் போகலாம் என்ற பேச்சில் அவர்களின் குரலும் இருக்க வேண்டும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023 இல், 2050 அளவில் கப்பல்களின் நிகர வெளியேற்றத்தைப் பூச்சியமாக்குவதாக முடிவெடுத்தது. அதற்கான கட்டண விதிகளை ஏற்கும் வாக்கெடுப்பை 2025 ஒக்டோபரில் ஒரு வருடத்துக்குத் தள்ளிப்போட்டார்கள். எனக்கு அது பெரும் ஏமாற்றம்.

விமானத்தைப் பற்றிப் பெட்டியிலிருந்து கற்கக்கூடியது குறைவு; சில்லுள்ள தட்டு பறக்காது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மண்ணெண்ணெயைவிட ஐதரசனில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆற்றல். ஆனால் திரவமாக வைத்தாலும் நான்கு மடங்கு இடம் வேண்டும். இறக்கைக்குள் அது அடங்காது. சோவியத் ஒன்றியத்தின் டுபொலெவ் 155 விமானம் 1988 ஏப்ரலில் தன் மூன்று எஞ்சின்களில் ஒன்றைத் திரவ ஐதரசனில் இயக்கிப் பறந்தது. 2023 இல் ஸ்லோவேனியாவில் நான்கு இருக்கைச் சிறு விமானம் ஒன்று எரிபொருட் கலத்தோடு மூன்று மணித்தியாலத்துக்கும் மேல் பறந்தது. அதற்கிடையில் முப்பத்தைந்து வருடம் போயிருக்கிறது. 2035 இல் ஐதரசன் விமானம் என்று 2020 இல் அறிவித்த ஏர்பஸ் நிறுவனம் 2025 இல் அத்திட்டத்தைப் பின்தள்ளியது. ஆகவே நீண்ட பயணங்களுக்கு நடக்கக்கூடியது, பசுமை ஐதரசனோடு காபனீரொட்சைட்டைச் சேர்த்துச் செயற்கை மண்ணெண்ணெய் செய்வது. இருக்கும் எஞ்சினிலேயே அதை எரிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் தன் விமான நிலையங்களில் நிரப்பும் எரிபொருளில் 2025 இல் 2 வீதமும் 2050 இல் 70 வீதமும் நிலைபேறான எரிபொருளாக இருக்க வேண்டும் என்றும், அந்த எழுபதில் பாதி செயற்கையாகச் செய்தவையாக இருக்க வேண்டும் என்றும் சட்டமாக்கியிருக்கிறது. கனடாவிலும் சுவிசிலும் பிள்ளைகள் இருக்கும் மட்டக்களப்பு வீடுகளுக்கு இதன் செலவு ஒருநாள் பயணச்சீட்டில் தெரியும்.

இனிப் பெட்டியின் குறைகள். முதலாவது, துண்டுப்பிரசுரம் ஆங்கிலத்திலும் சீனத்திலும் மட்டுமே இருக்கிறது. தமிழில் எட்டுப் பக்கம் நானே எழுதிக்கொண்டேன். இரண்டாவது, குழாய்கள். எங்கள் வெக்கையில் மூன்று மாதத்துக்குள் அவை இறுகி மூட்டில் தளர்ந்துவிட்டன. வாயு கசிந்தது அங்கேதான். மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் குழாயை நகரத்தில் மீற்றர் கணக்கில் வாங்கி மாட்டினேன், பொருந்தியது.

மூன்றாவதுதான் பெரிய குறை. பங்குனியில் ஒரு நாள் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்திருந்தது. நான் வகுப்பில் இல்லாத நேரம், உதவி செய்வதாக நினைத்து, வாவித் தண்ணீரில் கப்பல் ஓடுமா என்று முதலில் கேட்ட அதே மாணவன் பாடசாலைக் கிணற்று நீரை வடிகட்டி ஊற்றிவிட்டான். எங்கள் கிணறு வாவிக்கு நூறு யார் தூரத்தில் இருக்கிறது. நாக்கில் பட்டாலே உவர்ப்புத் தெரியும். முதலில் குமிழி குறைந்தது, பிறகு நின்றது. உவர்நீரில் இருக்கும் சோடியம், கல்சியம் அயன்கள் மென்சவ்வில் புரோத்தனுக்குரிய இடங்களைப் பிடித்துக்கொள்கின்றன. கழுவிப் பார்த்தும் கலம் பழைய நிலைக்கு வரவில்லை. இந்த எச்சரிக்கை பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. முதற்பக்கத்தில், கலத்தின் மேலேயே, சிவப்பில் இருந்திருக்க வேண்டும். மாற்றுக் கலம் கேட்டு விற்பனையாளருக்கு மூன்று மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. கடைசியில் வேறோர் இடத்தில் தனிக்கலம் 11,000 ரூபாய்க்கு வாங்க வேண்டியதாயிற்று. அந்த மாணவனை நான் ஏசவில்லை. அவன் கேட்ட முதற்கேள்விக்கே, வாவித் தண்ணீரில் ஓடுமா என்பதற்கே, கலம் பதில் சொல்லிவிட்டது. கடல்நீரை முதலில் நன்னீராக்க வேண்டும். ஆனால் ஒரு கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்க மூன்று நான்கு அலகு மின்சாரம் போதும், அதே நீரைப் பிரிக்க ஐயாயிரம் அலகுக்கும் மேல் வேண்டும். தடை உப்பில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது.

உயர்தர இரசாயனம், பௌதிகவியல் வகுப்புகளுக்கு, அளந்து பார்க்கும் பொறுமையுள்ள ஆசிரியர் இருந்தால், இதை வாங்கச் சொல்வேன். கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளாக வாங்குவதானால் விலை அதிகம். பற்றரியும் பென்சில் கரியும் வைத்து மின்பகுப்பைக் காட்டினாலே போதும். அப்படிக் காட்டுவதானால் கறியுப்பைப் போட வேண்டாம், குளோரின் வரும், அப்பச்சோடா போதும். ஐதரசனைக் கூடுதலாகச் சேர்த்து வைத்து நெருப்புக் காட்டவும் வேண்டாம். அதன் சுவாலை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வளியில் 4 வீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

வாங்குபவர்கள் கவனிக்க: பற்றரிக் கடையில் விற்கும் நீர்ப் போத்தலில் காய்ச்சி வடித்தது அல்லது அயன் நீக்கியது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அமிலம் கலந்ததைத் தந்துவிடுவார்கள். விடுமுறைக்கு மூடிவைக்கும்போது கலத்தினுள் சில துளி அந்த நீரை விட்டு, குழாய்வாய்களை அடைத்து, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி நிழலில் வையுங்கள். மென்சவ்வு காய்ந்தால் விரிசல் விட்டுவிடும்.